மச்சானின் 'வார்ம்' ஸ்பீக்கரும் அக்கா வைத்த பொட்டும்

உறுதியான தகவல்: சுங்கை சிப்புட்டில் என் மச்சான் வீட்டு ஹாலில் உள்ள இடது பக்க ஸ்பீக்கருக்குள் சந்தனம் இருந்தது.

தகவல் தந்தவர் என் அக்கா. இன்று காலை, சமையலறையில், தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்.

அதற்குள் அந்த ஸ்பீக்கரின் அருமை பெருமை தாமான் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது!

மச்சான் குணசேகரன் அக்காவின் கணவர். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இளவயதில் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மரத்தில் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டியவர் என்பதால், தாமானில் யார் ரேடியோ வாங்கினாலும் அவரிடம் கருத்துக் கேட்பார்கள். (கேட்காவிட்டாலும் சொல்வார்.)

போன வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு ஈப்போவில் ஒரு கடைக்குப் போனார். வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டும்.

"அங்கிள், இதுக்குத் தனியா ஆம்ப் வேணாம். பிளக் போட்டா பாடும்" என்றார் கடைப் பெண்.

"ஆம்ப் இல்லாம ஸ்பீக்கரா? எஞ்சின் இல்லாத லோரிய என் தலையில கட்டப் பாக்குறியாமா?"

"எஞ்சின் உள்ளயே இருக்கு அங்கிள்."

மச்சான் பாட்டுப் போடச் சொல்லவில்லை. விரலை மடக்கிப் பெட்டியைத் தட்டினார். குனிந்து முகர்ந்தார். (டுரியான் பழக் கடையில் இது சரியான முறை.) பிறகு கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்து, என்னிடம் திரும்பினார்.

"மச்சான், லெஃப்ட் கனமா இருக்கு. ரைட் காத்தாட்டம் இருக்கு. ஒண்ணுதான் ஒரிஜினல் லா!"

ஆம்ப் உள்ள பெட்டி கனமாகத்தான் இருக்கும், அதிலிருந்து வயர் வழியாகத்தான் மற்றது பாடுகிறது என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். மச்சான் தலையாட்டினார். காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஸ்பீக்கரை மட்டும் வாங்கினார்.

அக்கா வீட்டில் எந்தப் புதுச் சாமானும் பொட்டு வைக்காமல் வேலைக்குச் சேர முடியாது. ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின், என் கார் எல்லாமே அந்தச் சடங்கைக் கடந்தவைதான். ஸ்பீக்கரின் முன்பக்கத் துணி மூடியைக் கழற்றி, கற்பூரம் காட்டி, பொட்டு வைத்து, மூடியைத் திரும்ப மாட்டினார். மச்சான் பின்னால் வயர் சொருகிக்கொண்டிருந்தார். நான் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தேன்.

பாட்டுப் போட்டார்கள்.

வலது பக்கம் பாடகி தெளிவாகப் பாடினார். இடது பக்கம் அதே பாடகி போர்வைக்குள் இருந்து பாடினார். ஜால்ரா வலது பக்கம் மட்டும்தான்.

"மச்சான், லெஃப்ட் ரோசாக்கா, கெட்டுப்போச்சா? அடைச்ச மாதிரி இருக்கே" என்றேன்.

"உனக்கு ரிப்போர்ட்டர் வேலையில கூட்டத்துல மைக் கேட்டுக் கெட்டுப்போன காது. அதுக்குப் பேரு அடைப்பு இல்ல, வார்ம்! கனமான பொட்டி, கனமான சவுண்டு. ரைட்டு வெறும் தகர டப்பா. லெஃப்ட் ஒண்ணுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு."

இந்தத் தீர்ப்பு வொய்ஸ் மெசேஜாகத் தாமான் குரூப்புக்கும் போனது.

அடுத்த வரிசை வீட்டு மணி நேரில் வந்தார். இடது ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினார். "அண்ணே, வெண்ணெ மாதிரி வழுக்குது லா!" என்றார். மறுநாளே அதே ஜோடியை வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். நேற்று வந்து அக்காவிடம் ஒரு வேண்டுகோளும் வைத்தார்.

"அக்கா, நீங்கதான் வந்து பொட்டு வைக்கணும். ஒங்க கை ராசி, அண்ணன் ஸ்பீக்கர் அப்படிப் பாடுது!"

அதனால்தான் இன்று காலை அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, மணி வாங்குனதுலயும் அந்தக் குட்டி ரவுண்டு இருக்கும்ல?"

"எந்த ரவுண்டுக்கா?"

"மேல இருக்குமே, பொட்டு வைக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி. வெரல வெச்சதும் பொசுக்குன்னு உள்ள போச்சு. சரி, நல்லா ஒட்டட்டும்னு இன்னும் கொஞ்சம் அப்பினேன்."

"ரெண்டுலயுமா?"

"லெஃப்டுல மட்டும். ரைட்டு சும்மா கூட வந்ததுதானே, ஒன் மச்சான்தான் சொன்னாரு."

ஜால்ராவும் குரலின் கூர்மையும் வெளியே வரும் வழியே அந்தக் குட்டி வட்டம்தான். மச்சானைக் கூப்பிட்டு மூடியைக் கழற்றினோம். வட்டம் குழிந்திருந்தது. குழி நிறையக் காய்ந்த சந்தனம். மச்சான் காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுரண்டி எடுத்தார். சந்தனம் வந்தது. குழி நிமிரவில்லை. பாடகியும் போர்வையை விட்டு வரவில்லை.

"குரூப்புல சொல்லிடுங்க மச்சான்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்கா பக்கம் குனிந்தார். "மணி வீட்லயும் அதே எடத்துல வெச்சிடேன். லேசா."

"அவன் ஆசையா வாங்குன சாமான நான் கெடுக்கவா?"

"கெடுக்கறது இல்லமா. வார்ம் ஆக்கறது."

மணியின் ஸ்பீக்கர் தெளிவாகப் பாடினால் மச்சானின் காது பொய். மச்சானின் காது நிலைக்க வேண்டுமானால் மணியின் ஸ்பீக்கர் அடைபட வேண்டும். இவ்வளவுதான் விஷயம்!

"நான் போய்ச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"மணிகிட்ட வாயத் தொறந்த, அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வராத. நீ ரிப்போர்ட்டர்தானே, ரெண்டு பக்கமும் கேளு!"

ரெண்டு பக்கமும் கேட்டுவிட்டேன். கொடுத்த விலைக்கு நல்ல சாமான். வலது பக்கம்.

மச்சான் கடைசியாகச் சொன்னது: மணியிடம் அவரே உண்மையைச் சொல்லிவிடுவாராம். எப்போது என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை, பூஜ முடிஞ்சதும்."

அக்கா மறுபடி தேங்காய் துருவப் போய்விட்டார். அவர் விரல் எந்த இடத்தில் படும் என்பது வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதியிருக்கிறேன்.

மணியைத் தெரிந்தவர்கள் யாராவது அதற்குள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்வீர்களா? முன்பக்க மூடியைக் கழற்ற வேண்டாம். பொட்டைப் பெட்டியின் தலையில் வைத்தாலே போதும், சாமி கோவிக்காது!