டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பேர் இல்லாத பெண்

1. பார்த்தும் சொல்லாதது

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அந்த ஹவில்தார் முதல் தடவை எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்தபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

கடை புதுக்கோட்டையில், முன்னாள் ராணுவத்தார் மனுக் கொடுக்கும் அலுவலகத்துக்கு எதிரில். பதினாறு வருசமாக அங்கே மெஷினில் நிற்கிறேன். ஐந்தாம் வகுப்புத்தான் படிப்பு. கூச்சம் வேறு. ஆள் முகத்தைப் பார்க்காமல் தாளை வாங்கித் தாளைக் கொடுப்பேன். ஆனாலும் ராணுவத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகங்களைக் கண்ணாடியில் கவிழ்த்துக் கவிழ்த்து ஒன்று தெரிந்துகொண்டேன். பிள்ளையின் காலேஜ் உதவித்தொகைக்கு மெடல் பக்கத்தை எவரும் பார்ப்பதில்லை. குடும்பப் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பேர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அவர் விராலிமலைப் பக்கத்து ஆள். ஏதோ கார்டுக்காக வந்திருந்தார். கூடவே பிளஸ் ஒன் முடித்த மகள் கீர்த்தனா, பை தூக்க.

“மெடல் பக்கத்த மட்டும் கலர்ல எடும்மா.”

எடுத்தேன். புரட்டும்போது கண்ணில் பட்ட குடும்பப் பக்கத்தில் மனைவி பேர், இரண்டு பையன்கள் பேர். கீர்த்தனா இல்லை. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை பார்த்தேன். அவருடைய முறுக்கு மீசையைப் பார்த்துப் பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

2. பனியில் நின்றவர்

அடுத்த வருசம் கீர்த்தனாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. உதவித்தொகை மனுவோடு எதிர் அலுவலகத்துக்குப் போனவர், கத்திக்கொண்டே எங்கள் கடைக்குள் வந்தார்.

“பனிமலையில நின்னவன் நானு! எம் மகளுக்குப் பணம் இல்லங்கிறான்! புத்தகத்துல பேரு இல்லையாம்!”

பின்னால் வந்த அவர் மனைவி விடவில்லை. “நின்னீங்க, யாரு இல்லன்னா? புள்ள பொறந்தா யூனிட்டுல எழுதிக் குடுக்கணும்ல? பொம்பளப்புள்ளைன்னதும் பேனா மையி ஒறைஞ்சு போச்சாக்கும்!”

அந்தம்மா என்னிடம் திரும்பினார். “ரெண்டு புள்ளைக்குத்தான் சலுகைன்னு எவனோ சொன்னானாம்க்கா. மூத்தவ இவ. இவள எழுதாம விட்டுப்புட்டு, பொறக்காத ஆம்பளப்புள்ளைகளுக்கு எடம் போட்டு வச்சாரு.”

பஸ் ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையை நிற்க வைத்துவிட்டு, இன்னும் பிறக்காதவனுக்குத் துண்டு போட்ட வீரரை அன்றுதான் பார்த்தேன். யாருக்காகத் துண்டு போட்டு வைத்தாரோ அந்த மூத்த பையன், பத்தாவதோடு நின்றுவிட்டு அவர் வாங்கிக் கொடுத்த பைக்கை ஓட்டிக்கொண்டிருந்தான்.

பேரைச் சேர்க்க வழி உண்டு. அபிடவிட் என்கிற உறுதிமொழிப் பத்திரம் போட்டு, ராணுவத்தின் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மாசக்கணக்கில் ஆகும். மனுவுக்கோ அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். போன வருசமே நான் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

முதலாளி கம்ப்யூட்டரில் அபிடவிட் அடித்தார். “பேரு ஏன் சேக்கலன்னு காரணம் கேக்குறாங்க சார். என்ன போடட்டும்?”

“மறதின்னு போடுங்க.”

கூட வந்திருந்த கீர்த்தனா பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள். “போடுங்கண்ணே, மறதிதான். அப்பா, கையெழுத்துப் போட மறந்துறாதீங்க.”

அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

“காலேஜ அடுத்த வருசம் பாப்போம்” என்றார், போட்டு முடித்து.

“அடுத்த வருசம் பணம் வரட்டும். இந்த வருசம் அந்தப் பைக்க வித்துப் பீசக் கட்டுங்க” என்றார் மனைவி.

பைக் போனது. பெண் காலேஜுக்குப் போனாள். பேர் ஏறி வந்த பிறகு, இரண்டாம் வருசம்தான் உதவித்தொகை கிடைத்தது. முதல் வருசத்துத் தொகை போனது போனதுதான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். புத்தகம் கைக்கு வந்ததும் குடும்பப் பக்கத்தைத் திறங்கள். “வீட்டுல எத்தனை புள்ளைங்க?” என்று கேளுங்கள். பேர் குறைந்தால் அங்கேயே சொல்லுங்கள். “ஒன் வேலையப் பாரு” என்பார்கள். அதற்குப் பிறகு நான் கேட்கத் தொடங்கியபோது, நான்கு பேர் என்னிடம் அப்படிச் சொன்னார்கள். நான்கு பேருமே பிறகு அபிடவிட் அடிக்க வந்தார்கள். நால்வர் எழுதிய காரணமும் மறதிதான். மகன் பேரை மறந்தவர் ஒருவர்கூட இதுவரை வரவில்லை.