திருமயம் அம்பலவாணரும் அந்த ஒரு சிரிப்பும்

அம்பலவாணர் காலமாகிவிட்டதாகத் தந்தி வந்திருக்கிறது என்று சபா காரியதரிசி ஆள் அனுப்பியபோது, தந்தி கொடுத்தது யார் என்றுதான் முதலில் கேட்டேன். வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அம்பலவாணர் அண்ணனோடு பழகிய உங்களுக்கு அந்தக் கேள்வி வியப்பாக இருக்காது. நெடுங்காலம் அவருக்கு மிருதங்கம் வாசித்தவன் நான். எதையும் இரண்டு முறை விசாரிக்கும் பழக்கம் அவரிடமிருந்துதான் எனக்கு ஒட்டிக்கொண்டது.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் பாடுகிறார் என்றால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்த காலம் அது. ஒரு பட முதலாளி காரில் திருமயத்துக்கு வந்து, அவரே கதாநாயகனாக நடிக்க வேண்டும் என்றார். மாறுவேடத்தில் ஊர் சுற்றும் இளவரசன் வேஷம். கார் போன பிறகும் அண்ணன் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாட்டுத்தான் வேணும்னா பாடச் சொல்லிப் பதிஞ்சுக்கலாமே ராமையா. என் மூஞ்சி எதுக்கு அவருக்கு?" என்றார்.

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒப்புக்கொண்டார். காரணத்தைப் பிறகொரு நாள் ரயிலில் சொன்னார். "கச்சேரியில எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுக் கேக்குறாங்க. ஒரு தடவையாச்சும் தெறந்து பாக்கட்டுமே."

படப்பிடிப்பை ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கதாநாயகியிடம் காதல் வசனம் பேசும்போது அவருடைய வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பேசி முடித்தவுடன் இவர் பதில் சொல்லவில்லை. தாளம் ஒரு சுற்று வந்து சேரும்வரை காத்திருந்து சொன்னார். கையை அடக்க டைரக்டர் ஒரு வாளைக் கொடுத்தார். வாளும் தாளம் போட்டது. டைரக்டர் வேண்டுமென்றே தன்னைக் கோமாளியாக்கப் பார்க்கிறார் என்று அண்ணன் என் காதில் சொன்னார்.

புதுக்கோட்டையில் படம் வெளியான அன்று கொட்டகை நிறைந்திருந்தது. நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி விசாலாட்சி அண்ணி பின்னால் பெண்களோடு இருந்தார். முதல் பாட்டுக்கு ஓர் இருமல்கூட இல்லை. காதல் காட்சி வந்தது. திரையில் அண்ணன் தூண்போல நின்றார். அப்போது பின்னாலிருந்து ஒரே ஒரு சிரிப்பு கேட்டது. அதற்காகவே காத்திருந்ததுபோல் கொட்டகை முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு அவர் வாயைத் திறந்த இடமெல்லாம் சிரிப்புத்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படம் முடியும்வரை அசையாமல் இருந்தார். சீக்கிரமே வேறு படத்தின் சுவரொட்டியை ஒட்டிவிட்டார்கள்.

படம் தோற்றதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். முதலில் சிரித்தது யார் என்பதுதான் அவரை அரித்தது. போட்டிப் பாடகர் ஒருவர் ஆள் வைத்துச் சிரிக்கச் சொன்னதாக நம்பினார். கொட்டகையில் டிக்கெட் கொடுத்தவர் என் மைத்துனர். அந்த ஆட்களை உள்ளே விட்டது அவராம், ஏற்பாடு என்னுடையதாம். இதை என்னிடம் அண்ணன் கேட்கவே இல்லை. கச்சேரிகளுக்குக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். எதிரே வந்தால், "இங்கிட்டு என்ன வேல?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

குடுமியான்மலைத் திருவிழாவில் பாடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, முன்வரிசையில் ஒருவரைப் பார்த்து, எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாராம். அந்த மனிதர் மடியில் இருந்த குழந்தையிடம் சிரித்திருக்கிறார். பலபேர் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சிரிச்சது விசாலாட்சியாம். அவளே சொல்றா," என்றார்.

பெண் பார்க்க வந்த அன்றும் அவர் அப்படித்தான் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாராம். திரையில் பார்த்ததும் அந்த ஞாபகம் வந்து அண்ணி சிரித்துவிட்டாராம். ஊரே சேர்ந்துகொள்ளும் என்று அவர் நினைக்கவில்லை. அதன் பிறகு சொல்லப் பயந்திருந்தவர், குடுமியான்மலையில் நடந்தது தெரிந்ததும் சொல்லிவிட்டார்.

எனக்கு நெஞ்சு லேசானது. ஆனால் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்னயக் காப்பாத்துறதுக்காகச் சொல்றாளோன்னும் தோணுது."

அண்ணி அப்படியும் செய்யக்கூடியவர்தான். எனக்கே அந்த நிமிஷம் சந்தேகம் வந்தது.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தெரியாட்டிப் போகுது. வெள்ளிக்கிழமை கீரனூர்ல கச்சேரி. மிருதங்கத்த எடுத்துக்கிட்டு வந்துரு."

அதன் பிறகு கடைசிவரை நான்தான் வாசித்தேன். இடையிடையே திரும்பி என்னை உற்றுப் பார்ப்பார். பிறகு பாட்டுக்குள் போய்விடுவார். அண்ணனின் காரியத்தன்று அண்ணியைப் பார்த்தேன். சிரித்தது யார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சந்தேகம் தீர்ந்த பிறகு சேர்த்துக்கொள்வதை யாரும் செய்வார்கள். அது தீராமலே தன் வலப்பக்கத்து மிருதங்க இடத்தை எனக்குத் திரும்பக் கொடுத்தாரே, அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.