மணியம்மாள் எழுத வைத்த ஊற்றுகள்

பழவேற்காடு ஏரியோரம் மேட்டுமணல் குப்பத்தில் மணியம்மாளுக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். மீஞ்சூர் சந்தையில் கூடையோடு உட்கார்ந்தால், இறாலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் எழுந்திருக்கிற ஆளை, “இன்னாய்யா, பொண்ணு பாக்கவா வந்துகீற?” என்று கேட்டுவிடுவாள். வயது நாற்பத்தாறு. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். அப்படிப்பட்டவளை ஒரு ஊரே கூடி அடக்க முடியாதபோது ஒரு திட்டம் அடக்கிவிடுமா என்ன!

குப்பத்தைச் சுற்றிலும் உப்புத் தண்ணீர். குடிப்பதற்கு மணல்மேட்டு ஊற்றுதான் கதி. விடிந்ததும் பெண்கள் போய், அவரவர் இடத்தில் கொட்டாங்குச்சியால் முழங்கை ஆழத்துக்குத் தோண்டுவார்கள். கலங்கல் தெளிந்ததும் குடத்தை நிரப்புவார்கள். நிரப்பிய கையோடு மணலைத் தள்ளி மூடிவிட்டுத்தான் கிளம்புவார்கள். திறந்து போட்டால் ஆடு வாய் வைக்கும், நாய் இறங்கும். மூடாமல் வந்தவள் அன்றைக்கு ஊர் வாயில் விழுந்து எழ வேண்டும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் தை மாதம், அதிகாரிகள் மணல்மேட்டை அளக்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. குழாய் போடத்தான் வருகிறார்கள் என்று மணியம்மாள் நம்பினாள். “பெரிய மனுசங்க வராங்கோ, குண்டும் குழியுமா இருந்தா நல்லாவா கீது?” என்று எல்லாப் பெண்களையும் விரட்டி, ஊற்றுகளை இன்னும் ஒரு சாண் மணல் போட்டு மூட வைத்தாள். போதாததற்கு விளக்குமாற்றால் மேட்டையே பெருக்கினாள். வந்தவர்கள் அளந்தார்கள், படம் பிடித்தார்கள், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து நூர் முகம்மது பாய் ஒரு அறிவிப்போடு வந்தார். பாய் பழவேற்காட்டு வியாபாரி; குப்பத்து இறாலை வாங்கிப் பட்டணத்துக்கு அனுப்புகிறவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் சுற்று வட்டார ஊர்களுக்கும் இன்னும் இருபத்தைந்து வருடத்துக்கான தண்ணீர்த் திட்டம் என்று ஆரம்பித்து முழுக்கப் படித்துக் காட்டினார். மேட்டுமணலில் பன்னிரண்டு போர் இறக்கப் போகிறார்கள். பொதுமக்கள் மீஞ்சூர் கல்யாண மண்டபத்துக்கு வந்து கருத்துச் சொல்லலாம்.

“நம்ம ஊத்து?”

பாய் காகிதத்தை மறுபடி பார்த்தார். “அந்த எடத்துல மக்கள் பொழங்கற தண்ணி எதுவும் இல்லேன்னு எழுதிக்கீறாங்கோ மணிம்மா. ஆளில்லாத மணல் மேடாம்.”

மணியம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு போர் உறிஞ்சினால் ஒரே கோடையில் உப்பு உள்ளே வந்துவிடும். உப்பு ஏறிய ஊற்று திரும்ப இனிக்காது. அறுபது குடும்பமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

கூட்டத்தன்று மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலிகளில் எல்லாம் தொழிற்பேட்டைக் கம்பெனிக்காரர்கள். அவர்கள் பேசி முடிக்கவே பன்னிரண்டு மணி ஆனது, அதுவும் பாதி இங்கிலீஷில். பிறகுதான் ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றார்கள். மணியம்மாள் எழுந்தாள். புருஷன் திருமலை முந்தானையைப் பிடித்து இழுத்தான். “உக்காருமே, பேஜாரு பண்ணாத.” அவள் முந்தானையை உருவிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தாள்.

“உங்க படத்துல எங்க ஊத்து இன்னாத்துக்கு இல்ல?”

மேடையில் இருந்த என்ஜினியர் ஹேமநாத், சின்ன வயசுப் பையன், பொறுமையாகவே பதில் சொன்னான். “அம்மா, ரெண்டு நாள் நானே நேர்ல வந்து பாத்தேன். ஒரு கிணறுகூடக் கிடையாது. இதோ பாருங்க.” திரையில் படம் விழுந்தது. சுத்தமான மணல். ஒரு குழிகூட இல்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சுத்தம் யார் கை வேலை என்று மணியம்மாளுக்குத் தெரியாதா? அவள் முகம் சுண்டிப்போனது. அட பாவி, நானே என் ஊர் வாயில் மண்ணைப் போட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள்.

“அது நாங்க மூடினது” என்றாள். “நீங்க வரீங்கோன்னு நான்தான் மூட வெச்சேன். தெனமும் மூடுவோம். அது எங்க வழக்கம்.”

“மூடி வெச்சா எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“ஏன் நைனா, உங்க ஊட்டுல சோத்துப் பானைய மூடி வெச்சா, சோறே இல்லன்னு எழுதிக்கினு போயிடுவியா? தொறந்து காட்டுன்னு கேக்க வாய் இல்ல?”

இப்போது பின்வரிசைகள் சிரித்தன. தலைமை வகித்த பெரிய அதிகாரி மேசையைத் தட்டினார். “சரிம்மா, உங்க கருத்தைப் பதிவு பண்ணியாச்சு. அடுத்தவர் வரலாம்.”

“இன்னா பதிவு பண்ணீங்கோ? படிங்க.”

எழுத்தர் படித்தார்: “அப்பகுதியில் ஊற்றுகள் இருப்பதாக ஒரு பெண்மணி கூறினார்.”

“கூறினாராவது! இருக்குதுன்னு எழுதுங்க சார்.”

“நேர்ல பாக்காம அப்படி எழுத முடியாதும்மா.”

“அப்ப வந்து பாருங்க. இன்னிக்கே.”

இன்றைக்கு முடியாது, ஐந்து மணிக்குக் கூட்டத்தை முடித்தாக வேண்டும் என்றார் அதிகாரி. அப்போதுதான் நூர் முகம்மது பாய் அறிவிப்பைப் பிரித்துக்கொண்டு எழுந்தார். “சார், கூட்டக் குறிப்பத் தமிழ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டி, ஒப்புதல் வாங்கித்தான் முடிக்கணும்னு நீங்களே போட்டுக்கீறீங்கோ. இந்தம்மா ஒத்துக்கலியே?”

மணியம்மாள் மைக்கை விடாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கூட வந்திருந்த குப்பத்துப் பெண்கள் முப்பது பேரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்தது; ஒருத்தியும் அசையவில்லை. இரண்டரை மணிக்கு அதிகாரி ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

மணல்மேட்டில் வெயில் கொளுத்தியது. மணியம்மாள் முட்டி போட்டுத் தோண்டினாள். முழங்கை உள்ளே போனதும் மணல் ஈரமானது. இன்னும் கொஞ்சம் அள்ள, தண்ணீர் சுரந்தது. தெளியும்வரை எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹேமநாத் உப்பு அளக்கும் கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். அதிகாரி கொட்டாங்குச்சியில் வாங்கி ஒரு வாய் குடித்தார், பிறகு மிச்சத்தையும் குடித்தார்.

ஹேமநாத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. “சார், அருமையான தண்ணி! போர் போட இதைவிட நல்ல எடம் கிடைக்காது.”

மணியம்மாளுக்குத் தூக்கி வாரிப் போட்டது. இல்லை என்றாலும் எடுப்பார்களாம், இருக்கிறது என்றாலும் எடுப்பார்களாம்! “குடிச்ச வாய் ஈரம் காயல, அதுக்குள்ள எப்படிப் பேசறான் பாரு” என்று அவள் போட்ட சத்தத்தில் அந்தப் பையன் இரண்டு அடி பின்னால் போய்விட்டான். அதிகாரி பக்கம் திரும்பினாள். “ஒண்ணுதான் காட்டிக்கீறேன். மொத்தம் இருபத்தாறு கீது. அறுபது குடும்பம் குடிக்குது, போர் போட ஒருத்தரும் ஒத்துக்கலன்னு எழுதுங்க. எழுதினப்புறம் மத்ததக் காட்டறேன்.”

அதிகாரி எழுத்தரிடம் தலையை ஆட்டினார். ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுத்தர் எழுதினார். பாய் எட்டிப் பார்த்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். ‘கூறினார்’ என்பது எங்கேயும் இல்லை. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போய்த் தோண்ட, ஹேமநாத் ஓடி ஓடித் தன் வரைபடத்தில் புள்ளி வைத்தான்.

“ஊர் சார்பா ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்” என்றார் எழுத்தர்.

“ஒத்த ஆளுன்னா நாளைக்கு மெரட்டலாம். ஊட்டுக்கு ஒருத்தர் போடுவோம்.”

அவளே முதலில் கட்டைவிரலை மையில் அழுத்தினாள். பின்னால் வரிசை நீண்டது. அதிகாரி அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இவ்வளவும் எழுதினாலும் திட்டம் வராதுன்னு நான் சொல்ல முடியாதும்மா.”

“வரட்டும் சார். ஆளில்லாத மணல்னு சொல்லிக்கினு வர முடியாது இல்ல? அறுபது பேர தாண்டித்தான் வரணும்.” வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். “இன்னாடி நிக்கற? வா, நல்லா அழுத்தி வை.”