எதிர்க்கட்சிப் பாட்டின் இரண்டாவது வரி

ஆரியசாலை மிளகாய் மொத்தக் கடையின் கணக்கப்பிள்ளை சிவதாணுவுக்குத் தான் ஒரு தலைவன் என்று நினைப்பு. கதர்ச் சங்கத்தில் இருந்ததே நாலு பேர். அதில் இவனுக்குத்தான் தொண்டை பெரிது. தகுதி அவ்வளவுதான்.

கடைக்கு எதிரே முனிசிபல் குழாய். ராஜா உத்தரவில் கோயில் நடையே எல்லாச் சாதிக்கும் திறந்து ஒரு வருஷமாகியும், மிளகாய் புடைக்கும் ரத்னாபாய் எரிகிற கையோடு வந்தால் குழாயைத் தொடக்கூடாது என்பது வியாபாரிகளின் சட்டம். சிவதாணு தினமும் செம்பில் பிடித்து அவள் கையில் ஊற்றுவான். ஊற்றும்போது அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

"நீரு ஊத்தி ஊத்திப் புண்ணியம் சேத்தது போதும், கணக்கப்பிள்ளே," என்றாள் ஒருநாள். "நானே தொறக்கதுக்கு ஒரு வழி பாரும்."

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

சிவதாணு போய்க் கேட்டதற்கு, இரண்டு கட்சியும் ஒரே மேடையில் கேட்டால் குழாயை எல்லோரும் தொடலாம் என்று உத்தரவு வாங்கித் தருவதாக வார்டு மெம்பர் சொன்னார். எதிர்க்கட்சி என்றால் ராஜபக்தி சபை. அதாவது சர்க்கார் குமாஸ்தா பஞ்சாபகேசன். அவரைக் கண்டால் சிவதாணு சந்துக்குள் நுழைந்துவிடுவான். அவரும் அப்படியே. ஆனால் குழாய் விஷயத்தில் அவர் உடனே சரி என்றார். கூட்ட முடிவில் ராஜா வாழ்த்தா, தேச வாழ்த்தா என்பதில்தான் முட்டிக்கொண்டது.

"உம்ம பாட்டை நான் பாடுதேன், எம் பாட்டை நீரு பாடும்வே! முடியுமா?" என்று சிவதாணு குத்தலாகத்தான் கேட்டான்.

"பேஷாப் பாடறேன்," என்றார் பஞ்சாபகேசன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். ராஜா வாழ்த்தில் அவனுக்கு முதல் வரிதான் தெரியும். எதிர்க்கட்சிக் கூட்டத்தில் இரண்டாவது வரி வரும்போதெல்லாம் கூச்சல் போட்டே பழக்கம்.

அன்று சாயங்காலம் பஞ்சாபகேசனே கடைக்கு வந்து, மிளகாய் நெடியில் வரிக்கொரு தும்மல் போட்டபடி சொல்லிக்கொடுத்தார்.

"எம் பாட்டு உமக்கு எப்படிவே தெரியும்?"

"நான் ஒம்மை மாதிரிக் கத்தலியே ஓய், கேட்டுண்டுன்னா இருந்தேன்!"

கூட்டத்தில் தேச வாழ்த்தை அவர் பிசகில்லாமல் பாடினார். சிவதாணு முதல் வரியை முழங்கிவிட்டு நின்றான். பழக்கதோஷத்தில் வாய் கூச்சலுக்குத் திறந்தது. பக்கத்திலிருந்து பஞ்சாபகேசன் இரண்டாவது வரியை மெல்ல எடுத்துக்கொடுத்தார். அவன் சட்டையின் மிளகாய் நெடி ஏறிக் கூடவே ஒரு தும்மலும் போட்டார். முறைத்துக்கொண்டிருந்த வியாபாரிகளே சிரித்துவிட்டார்கள். சிரித்த வாயால் மறுப்புச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

உத்தரவு வந்த காலையில் ரத்னாபாய் குழாயைத் திறந்து, முழங்கை வரை நனைத்துக்கொண்டு நின்றாள். சிவதாணு வழக்கம்போல் செம்போடு ஓடினான்.

"தள்ளி நில்லும் கணக்கப்பிள்ளே. பின்னால வரிசை இருக்கு, காணலியா?"

தலைவன் வரிசையின் கடைசிக்குப் போனான். செம்பை மட்டும் அவளுக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.