ஆஸ்வின் வழித்த புல்

பிரிட்ஜ்டவுன் மைதானத்தில் பிட்ச் போடும் ஆஸ்வின் கிட்டன்ஸுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் பிட்சில் விட்டுவைக்கும் புல். அதில் விழுந்த பந்து மட்டையாளரின் மூக்கை நலம் விசாரிக்காமல் போகாது. இன்னொன்று, மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு, மட்டையாளரின் பின்னால் ஸ்லிப்பில் நின்று கேட்ச் பிடிக்கும் மகன் டேரியல். இந்த இரண்டு பெருமையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதை, அவரிடம் ரோலர் ஓட்டும் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இங்கிலாந்து வந்திருந்தது. முதல் டெஸ்ட் எங்களுக்கு. ஜமைக்காவில் நடந்த இரண்டாவதில் டேரியல் ஒரே ஆளுக்கு இரண்டு கேட்ச் விட்டான். அந்த ஆள் இருநூறு அடித்து ஜெயித்துக் கொடுத்துவிட்டான். கடைசி டெஸ்ட் எங்கள் ஊரில். இன்னொன்றை விட்டால் பையன் அணியில் இருக்க மாட்டான்.

ஊர் சும்மா இருக்குமா? தேவாலயத்தில் ஞானஸ்நானக் குழந்தையை வாங்க டேரியல் கை நீட்டினான். குழந்தையின் அத்தை பதறிப்போய் இழுத்துக்கொண்டாள். வேன் கண்டக்டர் ரோமெல் ஆஸ்வினைப் பார்த்தாலே ஆரம்பிப்பான்:

"பெருசு, கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்க. உங்க குடும்பத்துக்குப் புடிமானம் பத்தாதாமே!"

மைதானத்துக்குள் மீன் வடை விற்கும் மனைவி வெல்டா முடிவாகச் சொன்னாள்: "புல்லை வழிச்சு விடுய்யா. பந்து எழும்பாது, மட்டை ஓரத்துல பட்டு எட்ஜு எடுத்தாலும் ஸ்லிப்புக்கு எட்டாது. என் புள்ள நிம்மதியா நிப்பான்."

"கேப்டன் புல்லு கேட்டிருக்கான்டி. வேகமாப் போட நாலு பேரு வந்திருக்கானுங்க."

"அந்த நாலு பேரையும் நீதான் பெத்தியா?"

ஆட்டத்தன்று காலையில் நான் போனபோது பிட்ச் மொட்டையாகக் கிடந்தது. புல் வெட்டும் இயந்திரம் இன்னும் சூடாக இருந்தது.

"வெயில்ல கருகிப்போச்சு" என்றார் ஆஸ்வின்.

"ஆமாமா, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்றேன். வேறென்ன சொல்வது?

இரண்டு நாள் இங்கிலாந்து அடித்துத் தள்ளியது. எங்கள் வேகப்பந்துக்காரர்களுக்கு நாக்குத் தள்ளியது. புல் எங்கேயென்று கூட்டம் கத்தியபோதெல்லாம் ஆஸ்வின் சூரியனைக் காட்டினார். வெறுத்துப்போன கேப்டன் ஸ்லிப்பையே எடுத்துவிட்டு டேரியலை எல்லைக்கோட்டுக்குத் துரத்தினான். பையன் வந்து நின்றது, ரோலர் நிறுத்தும் எங்கள் கொட்டகைக்கு முன்னால்.

அங்கேதான் வந்தது அந்தப் பந்து. வானத்துக்குப் போய், இறங்க மனசில்லாமல் நின்றது. ஸ்லிப்பில் யோசிக்க நேரம் கிடையாது. இங்கே அந்தப் பாவிக்கு ஏகப்பட்ட நேரம். ஆஸ்வின் என் கையை நசுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். மைதானமே மூச்சு விடவில்லை.

பிடித்துவிட்டான்!

கைதட்டல் எழுவதற்குள், அந்த அமைதியில், வெல்டாவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது: "பாத்தியா ஆஸ்வின்! புல்லை வழின்னு நான் சொன்னப்போ மூக்கால அழுதியே!"

ஆட்டம் டிரா. தொடர் சமம். வேனில் ஏறியதும் மொத்தக் கூட்டமும் ஆஸ்வினைப் பிடித்துக்கொண்டது. டேரியலைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை.

ரோமெல் சொன்னான்: "பையன் புடிச்சுட்டான் பெருசு. வீட்டம்மாதான் கோட்டை விட்டுட்டாங்க!"

ஆஸ்வின் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்பில் கம்பியை விட்டுவிட்டார். வேன் திரும்பியது. நான்தான் அவரைப் பிடித்தேன், ஒரே கையால்.