கட்டிங் மாஸ்டர் ரூபா ஷ்ரோடர்

துணியைத் தொடுவதற்கு முன் ரூபா தன் கைகளை முகர்ந்து பார்ப்பார். காலையில் சாப்பிட்ட மொஹிங்கா நூடுல்ஸின் மீன்குழம்பு வாசம் விரலில் ஒட்டியிருந்தால் மறுபடியும் குழாயடிக்குப் போவார். சோப்புப் போட்டு அலசி, இரண்டு உள்ளங்கைகளையும் மூக்கருகே கொண்டுவந்து ஒரு மூச்சு இழுத்து, திருப்தியானால்தான் மேஜைக்கு வருவார். கன்னங்களில் தனக்கா என்கிற மரப்பட்டைப் பொடி வட்டமாகப் பூசியிருக்கும். அந்தப் பொடி துணியில் உதிர்ந்துவிடக் கூடாதென்று, மேஜையருகே நிற்கும் வரை முகத்தில் கை வைக்க மாட்டார். கொசு கடித்தால் தோளால் தேய்த்துக்கொள்வார்.

வயது ஐம்பத்திரண்டு. வீடு ரங்கூனின் இன்சீன் பகுதியில். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி லைங் தாயாவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை இருபத்தேழு வருடங்களாக அவருடையது. முதல் ஐந்து வருடம் நூல் பிசிறு நறுக்கினார். பிறகு துணி விரித்தார். இப்போது கட்டிங் மாஸ்டர். அந்த வட்டாரத்தில் பெரும்பாலும் ஆண்கள் பார்க்கும் வேலை அது. அறுபது அடுக்குத் துணியை ஒன்றாக விரித்து, அதன்மேல் வரைந்த கோட்டில் மின்கத்தியை ஓட்ட வேண்டும். இடது கையில் இரும்பு வலைக் கையுறை. கத்தி ஓடும்போது ரூபா மூச்சை அடக்குவதில்லை; மெதுவாக, தூங்குகிறவர்போல் விடுவார்.

"தையல் தப்பினா பிரிச்சுக்கலாம். வெட்டினத யாரு ஒட்டுறது?" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அதைவிட அதிகம் சொல்வது, "மயபூ." முடியாது, கூடாது, விடமாட்டேன் எல்லாவற்றுக்கும் பர்மியில் அந்த ஒரு சொல் போதும். ரூபா அதைத் தமிழ்போலவே இழுத்துச் சொல்வார்.

தொழிற்சாலையில் பர்மியப் பெண்கள் அவரை 'சயாமா' என்கிறார்கள். ஆசிரியைக்கும் மேலதிகாரிக்கும் உரிய மரியாதை அது. ஆனால் மார்பில் தொங்கும் அட்டையில் பெயர் முழுசாக இருக்கும்: ரூபா ஷ்ரோடர்.

அந்தப் பின்பாதி அவரைச் சும்மா விட்டதில்லை. பர்மியர்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. அங்குள்ள தமிழர்களுக்கும் அப்பா பெயரோடு கதை முடிந்துவிடும். எந்த அலுவலகப் படிவத்தை நீட்டினாலும் குமாஸ்தா இரண்டாம் சொல்லில் பேனாவை வைத்துக்கொண்டு, "இது என்ன?" என்பார். பள்ளியில் 'ஷயோதா' என்றார்கள். உறவுக்காரர்கள் 'சுரோட்டர் வீடு' என்றார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று, அட்டையில் இடம் போதவில்லை, ரூபா மட்டும் போதும் என்றாராம் ஒரு எழுத்தர். "அட்ட சின்னதுன்னா அட்டய மாத்துங்க. பேர ஏன் நறுக்குறீங்க?" என்று கேட்டதை ரூபா இன்றும் சொல்லிச் சிரிப்பார். அட்டையை மாற்றினார்கள்.

பெயர் வந்த வழி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரூபாவின் அப்பாவுக்குப் பாட்டனார், அரிசிக் கப்பலில் வந்த ஜெர்மன்காரர். ரங்கூன் ஆற்றங்கரை அரிசி ஆலை ஒன்றில் இயந்திரம் பழுது பார்த்தவர். அதே ஆலையில் சாக்கு தைத்த தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஊர் திரும்பாமல் இங்கேயே மண்ணானார். நிறம் அடுத்தடுத்த தலைமுறையில் கரைந்தது. மொழி அதற்கு முன்பே போயிற்று. மிஞ்சியது இரண்டு சொற்கள். ஒன்று ஷ்ரோடர். இன்னொன்று பிரேமன், அவருடைய ஊர். ரூபாவின் அப்பா நல்லப்பன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் இரண்டாம் சொல்லையும் விடாமல் எழுதுவார்.

பெயருக்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ரூபாவின் தம்பி சிவராஜ் ஒரு அரண்மனையைக் கட்டிக்கொண்டார். மிங்கலாடோனில் விமான நிலையத்துக்கு டாக்சி ஓட்டும் அவர், வீட்டு வாசலில் தங்க நிற எழுத்தில் 'ஷ்ரோடர் மாளிகை' என்று பலகை மாட்டியிருக்கிறார். இரண்டு அறை மாளிகை. "நாம பிரபு வம்சம்க்கா. ஜெர்மன்ல ஷ்ரோடர்னா கோட்ட கொத்தளம் வெச்சிருந்தவங்க" என்பார். ரூபா மறுத்ததில்லை. நம்பினாரா என்றால் அதுவும் இல்லை. கோட்டை வைத்திருந்தவன் ஏன் அரிசி ஆலையில் எண்ணெய் போட வந்தான் என்ற கேள்வி அவருக்கு உண்டு. தம்பியின் பலகையைப் பார்த்து அதைக் கேட்க மனம் வராது.

போன டிசம்பரில் கார்டுராய் கோட்டுக்கு ஒரு ஆர்டர் வந்தது. கரும்பச்சைத் துணி, பூனை முதுகுபோல மெல்லிய மயிர்ப்பரப்பு. ஒரு திசையில் தடவினால் கறுத்துத் தெரியும். எதிர்த் திசையில் வெளுக்கும். வாங்குகிற ஜெர்மன் நிறுவனத்திலிருந்து தரம் பார்க்கும் அம்மாள் ஒருவர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. ரூபா காலை ஏழரைக்கு வந்தபோது துணி விரித்துத் தயாராக இருந்தது. அறுபது அடுக்கு, அடுக்குக்கு நான்காக இருநூற்று நாற்பது கோட்டுக்கு.

கையுறையை மாட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தவர், ஓரத்தில் நின்றுவிட்டார். அடுக்குகளின் நுனி வெட்டப்படாமல் மடிந்து மடிந்து கிடந்தது. மேல் அடுக்கைத் தடவினார். தூக்கி, அடுத்த அடுக்கைத் தடவினார். ஒன்று கறுத்தது, ஒன்று வெளுத்தது. நேரம் மிச்சம் பிடிக்க, விரித்தவர்கள் துணியை முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போயிருந்தார்கள். முப்பது அடுக்கு ஒரு திசை, முப்பது எதிர்த் திசை.

உற்பத்தி மேலாளர் நிஹால் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தாத்தா காலத்திலிருந்து ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ரூபாவோடு தமிழில்தான் பேசுவார்.

"ரூபாக்கா, இன்னும் ஆரம்பிக்கலயா? கரண்டு பதினோரு மணி வரைக்குந்தான். இப்ப வெட்டினாத்தான் அந்தம்மா வரும்போது தையல் லைன் ஓடும்."

"மயபூ தம்பி. விரிச்சது தப்பு. பாதி தலைகீழாக் கெடக்கு."

நிஹால் பார்த்தார். யோசித்தார். "ஒரு கோட்டுக்கு வேண்டிய பீஸெல்லாம் ஒரே அடுக்குல இருந்துதானே வருது? ஒரு கோட்டுக்குள்ள நிறம் மாறாதே. யாருக்குத் தெரியப்போவுது?"

"ஒரு கோட்டுக்குள்ள மாறாது. கடக்காரன் ரெண்டு கோட்டப் பக்கத்துல பக்கத்துல மாட்டுவான்ல? ஒண்ணு புதுசு மாதிரி இருக்கும், ஒண்ணு வெயில்ல கெடந்த மாதிரி இருக்கும்."

"கலைச்சு விரிக்க எவ்வளவு நேரம் ஆவும்?"

"எல்லா மடிப்பையும் வெட்டி, பாதியத் திருப்பிப் போடணும். நாலு பேரு நின்னா மத்தியானம் ஆயிரும்."

"அதுவரைக்கும் அறுபது பேரு கையக் கட்டிக்கிட்டு உக்காரணும். அந்தம்மா வந்து வெறும் மிஷினப் பாக்கணும்." நிஹாலின் குரல் தடித்தது. "மேலிடத்துக்கு என்னால பதில் சொல்ல முடியாதுக்கா. நீங்க வெட்டலேன்னா வேற ஆள வெச்சு வெட்டுறேன்."

லைங் தாயாவில் அந்தச் சொல்லின் கனம் எல்லோருக்கும் தெரியும். வேலை கேட்டு வாசல் கதவுக்கு வெளியே ஒவ்வொரு நாளும் கூட்டம் நிற்கிறது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணை எவனும் புதிதாகச் சேர்க்க மாட்டான். ரூபா மேஜை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து நின்றார்.

பிறகு கையுறையைக் கழற்றி மின்கத்தியின் மேல் வைத்தார்.

"வெட்டச் சொல்லுங்க தம்பி. நான் தடுக்கல. ஆனா ஒரு தாள்ல எழுதிருங்க. ரூபா ஷ்ரோடர் தப்புன்னு சொன்னாங்க, அதுக்கப்புறமும் வெட்டச் சொன்னது நான்னு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு எடுத்துக்கங்க."

நிஹால் தாளை எடுத்தார். இரண்டு சொல் எழுதினார். பேனாவை மூடிவிட்டு, தன் கையாலேயே மேல் அடுக்கைத் தடவிப் பார்த்தார். அடுத்ததைத் தடவினார்.

"ஆளக் கூப்பிடுங்கக்கா" என்றார். தாளைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினொரு மணிக்கு அந்த ஜெர்மன் அம்மாள் வந்தார். பெயர் பிரிகிட்டே வாக்னர். அறுபதை நெருங்கும் வயது, ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, கழுத்தில் அளவு நாடா. தையல் இயந்திரங்கள் வரிசையாகச் சும்மா நின்றன. கட்டிங் மேஜையில் நான்கு பெண்கள் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன நடக்கிறது என்று அவர் கேட்டார். நிஹாலுக்குச் சொல்ல ஆயிரம் சாக்கு இருந்தது. மின்சாரத்தின் மேல் போட்டிருக்கலாம். அவர் உள்ளதைச் சொன்னார். "விரித்தது தவறு. வெட்டச் சொன்னேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் மறுத்துவிட்டார்."

வாக்னர் அம்மாள் திரும்பி ரூபாவைப் பார்த்தார். பார்வை அட்டைக்கு இறங்கியது. குனிந்து படித்தார். உதட்டைக் குவித்து, நடு எழுத்தை ஒருவிதமாக உருட்டிப் பெயரைச் சொன்னார். மூன்று தலைமுறையாக வீட்டில் யாரும் அதை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆங்கிலத்தில் அவர் பேசப் பேச, நிஹால் தமிழில் சொன்னார்.

"உங்க பேருக்கு அர்த்தம் தெரியுமான்னு கேக்குறாங்கக்கா. இவங்க பேரு வாக்னர்னா வண்டி செய்யுறவராம். இவங்க ஊர்ல பாதிப் பேரோட குடும்பப்பேரு செஞ்ச வேலதானாம். மியூலர்னா மாவு அரைக்கிறவரு. ஷ்மிட்டுன்னா கொல்லரு. வேபர்னா நெசவுக்காரரு."

"அப்ப ஷ்ரோடர்?"

நிஹால் கேட்டார். அந்த அம்மாள் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு அர்த்தம் இருக்காம். தெற்க, திராட்ச விளையுற பக்கம்னா, ஒயின் பீப்பாய நெலவறையில உருட்டி ஏத்தி எறக்குறவரு. வடக்கன்னா வேறயாம். உங்க தாத்தா எந்த ஊருன்னு கேக்குறாங்க."

ரூபா தயங்கவில்லை. "பிரேமன்."

வாக்னர் அம்மாள் உள்ளங்கையால் மேஜையை மெல்லத் தட்டினார். பச்சைத் துணியைச் சுட்டிக்காட்டி, இரண்டு விரல்களைக் கத்தரிபோல ஆட்டிக் காட்டினார். நிஹால் மொழிபெயர்ப்பதற்கு முன்பே ரூபாவுக்குப் புரிந்துவிட்டது.

"பிரேமன் வடக்கயாம். அந்தப் பக்கத்துப் பழைய பேச்சுல வெட்டுறதுக்குப் பேரு அதானாம். ஷ்ரோடர்னா துணி வெட்டுறவரு." நிஹால் தானே சிரித்துவிட்டார். "உங்க பேரே கட்டிங் மாஸ்டர்தான்க்கா."

ரூபா சிரிக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் பேர அவரே வெச்சுக்கிட்டாரா, ஊரு வெச்சதா?"

ஊர் வைத்ததுதான் என்றார் வாக்னர் அம்மாள். பல நூறு வருடங்களுக்கு முன்னால், ஒரே தெருவில் ஐந்து யோஹான்கள் இருந்தால் எந்த யோஹான் என்று சொல்ல அவரவர் வேலையைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ரூபா தலையாட்டினார். "ஹொக்கே" என்று பர்மியில் ஆமோதித்துவிட்டு, துணியைத் திருப்பும் பெண்களிடம் போனார்.

மதியச் சாப்பாட்டு வேளையில் தம்பியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"துணி வெட்டுறவனா?"

"ஆமா."

"வேற அர்த்தம் இருக்கும்க்கா. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"இருக்கு. பீப்பா உருட்டுறவன். அது வேணுமா?"

"சரி விடு. யாருகிட்டயும் சொல்லாத. வாசல்ல போர்டு மாட்டிருக்கேன்."

ரூபா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினார். "போர்டு இருக்கட்டும்டா. கழட்டச் சொல்லல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. கோட்ட வெச்சிருந்தவனுக்கு அது அவனோட அப்பன் குடுத்தது. இவன் வெட்டுறதப் பாத்து ஊரே பேரு வெச்சிருக்கு. கோணலா வெட்டிருந்தா வெச்சிருப்பாங்களா? வெச்சாலும், இத்தன வருசம் அந்தப் பேரு நின்னுருக்குமா? அப்பா கையெழுத்துப் போட்டாரே, அது சும்மா இல்ல."

சிவராஜ், "நீ வெட்டிட்டுப் போன் பண்ணு" என்றார்.

இரண்டரை மணிக்குத் துணி தயாரானது. அறுபது அடுக்கும் ஒரே திசையில், தடவினால் ஒரே கறுப்பு. மின்சாரம் போயிருந்ததால் நிஹால் ஜெனரேட்டரைப் போடச் சொன்னார். ரூபா கையுறையை மாட்டினார். வாக்னர் அம்மாள் நாற்காலியை மறுத்துவிட்டு மேஜை முனையில் நின்றார். கத்தி துணிக்குள் இறங்கியது. நேர்கோட்டில் அவசரமில்லை; கழுத்து வளைவு வந்ததும் ரூபாவின் தோள் தாழ்ந்தது, முழங்கை உடம்போடு ஒட்டியது, மேஜையோடு மேஜையாக அவரும் சேர்ந்து திரும்பினார். அக்குள் வளைவு அதைவிடக் கடினம். அடுக்கின் உயரத்தில் கத்தி கொஞ்சம் சாய்ந்தாலும் அடியிலுள்ள பீஸ் அளவு மாறிவிடும். கையைக் கட்டிக்கொண்டிருந்த தையல் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்றார்கள்.

கடைசிக் கோடு முடிந்ததும் ரூபா விசையை அணைத்தார். முதுகுப் பீஸ்களின் அடுக்கிலிருந்து ஆக மேலே இருந்ததை எடுத்தார். விரலை அடியில் விட்டு ஆகக் கீழே இருந்த அறுபதாவதை உருவினார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இரண்டையும் ஒரே துணியாகப் பிடித்து வாக்னர் அம்மாளின் கையில் கொடுத்தார். அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுப்பதற்குள், ரூபா அடுத்த மேஜைக்கு நடந்துவிட்டிருந்தார்.