இரண்டாயிரத்து நூறாம் வருஷத்தின் பிப்ரவரி

நாலால் வகுபடுகிற வருஷமெல்லாம் லீப் வருஷம் என்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரம் மட்டும் ஏன் லீப் வருஷம் இல்லை? ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சித்தி இதைக் கேட்டாள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியால் சித்திக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை.

அச்சகத்தில் சித்தியை எல்லோரும் 'எறும்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நுனியில் தொற்றிக்கொண்டிருப்பாள், ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். எட்டு வருஷம் பைண்டிங் பகுதியில் பசை தடவினாள். பசை அவள் விரல் தோலை உரித்துப்போட்டது. சோறு பிசைந்தாலே எரியும். ஆறு மாதத்துக்கு முன்புதான் பிழை திருத்தும் மேசைக்குத் தற்காலிகமாக மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை மேனேஜர் கையெழுத்துப் போட்டால் மேசை நிரந்தரம். போடாவிட்டால் மறுபடியும் பசை வாளி.

அந்த வாரம் அவள் கையில் இருந்தது ஒரு பெரிய சுவர் அட்டவணை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்திலிருந்து இரண்டாயிரத்து நூறு வரை எந்தத் தேதி என்ன கிழமை என்று பார்த்துக்கொள்ளலாம். வகுப்பறைகளில் மாட்டுவதற்காக ஆறாயிரம் பிரதி கேட்டிருந்தார்கள். முதல் நூறு வருஷம் அச்சகத்தின் பழைய அட்டவணையிலேயே இருந்தது. மீதியை சித்தி நிரப்பினாள். அச்சகத்தில் அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே நாள்காட்டி அப்படியே திரும்பி வரும். முந்தைய வரிசையைப் பார்த்து எழுதினால் போதும். அவளும் அப்படியே எழுதினாள். இரண்டாயிரத்து எழுபத்திரண்டின் வரிசையைத் தூக்கி இரண்டாயிரத்து நூறில் வைத்தாள். பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அது உறைத்தது. அட்டவணையின் முதல் வரிசையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில், பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான். கடைசி வரிசையில் இருபத்தொன்பது. இரண்டுமே நூறில் முடிகிற வருஷம். ஒன்றுக்கு ஒரு நியாயம், இன்னொன்றுக்கு வேறு நியாயமா?

போனில் தேடிப் பார்த்தோம். இரண்டாயிரத்து நூறு லீப் வருஷம் இல்லை என்று வந்தது. ஏன் என்று மட்டும் எங்களுக்குப் புரியவில்லை. சித்தி நின்ற இடத்தில் நிற்கவில்லை. அடுப்படிக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

"ஏன்னு தெரியாம நான் போய் மெஷின நிறுத்தச் சொல்ல முடியுமா? போன் சொல்லுச்சுன்னா சிரிப்பாங்க."

"பேசாம விட்ரு," என்றார் சித்தப்பா. "நாளைக்குக் கையெழுத்து ஆகட்டும். அதுக்கப்புறம் இன்னும் எழுபது எண்பது வருஷம் கெடக்கு."

சித்தி போனை எடுத்து மேனேஜர் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கும் முன்பே துண்டித்தாள். இப்படி மூன்று தடவை. பிறகு ஒரு வீணான தாளைத் திருப்பிப்போட்டு, பிழை திருத்தும் பென்சிலால் கணக்குப் போட ஆரம்பித்தாள். போனில் பார்த்தபடி, பூமி சூரியனை ஒரு சுற்று சுற்றிவர முந்நூற்று அறுபத்தைந்து நாளோடு ஐந்து மணி நாற்பத்தெட்டு நிமிஷம் நாற்பத்தாறு விநாடியும் ஆகிறது. நாம் அந்த மிச்சத்தை எண்ணாமல் விடுகிறோம். நாலு வருஷத்தில் அது இருபத்துமூன்றேகால் மணி நேரமாகச் சேர்ந்துவிடும். சேர்க்காவிட்டால் நாள்காட்டி பருவத்தை விட்டு நகர்ந்துபோகும். எழுநூறு, எண்ணூறு வருஷத்தில் வெயில் மாதத்தில் குளிரும். அதனால்தான் நாலு வருஷத்துக்கு ஒரு நாளைச் சேர்க்கிறோம்.

"சேர்க்கறது இருபத்துநாலு மணி," என்றாள் சித்தி. "வேண்டியது இருபத்துமூணேகால்தான். முக்கால் மணி ஜாஸ்தியாயிடுச்சே!"

அவள் பென்சில் நின்றது அங்கேதான்.

மறுநாள் வெள்ளி. காலை ஏழு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கும். பஸ் பாலத்தருகே நெரிசலில் மாட்டிக்கொண்டது. சித்தி இறங்கி ஓடினாள். அச்சகத்துக்குள் நுழைந்தபோது ஏழு நாற்பது. அவசரம் என்று கேட்டிருந்த முதல் இருநூறு அட்டவணைகளோடு வண்டி அப்போதுதான் தெருமுனையைத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் நேராகப் போய் மெஷினின் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். மெஷின்காரரைத் தவிர யாரும் தொடக்கூடாத பட்டன் அது.

"ஏய் எறும்பு! யாரக் கேட்டு அதுல கை வச்சே?" மெஷின்காரர் கத்தினார்.

"அண்ணே, தப்பு. என் தப்புதான். ரெண்டாயிரத்து நூறுல பிப்ரவரிக்கு இருபத்தெட்டுதான்."

"அன்னிக்கு நீயும் இருக்கமாட்ட, நானும் இருக்கமாட்டேன். யாரு ஆவியா வந்து சட்டையப் பிடிக்கப்போறா?"

"இன்னிக்குப் பொறக்குற புள்ள இருக்கும்ல? சரி, இதச் சொல்லுங்க. பேப்பர் ஓடும்போது, படம் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கத்தி விழுந்தா ஓரம் நகரும். என்ன பண்ணுவீங்க?"

"அப்பப்ப சக்கரத்த ஒரு பல் திருப்புவேன். இதுகூடத் தெரியாதா?"

"ஒரு பல் திருப்பினா கச்சிதமா வந்துருமா?"

"எங்க வரும்? நூலளவு தள்ளிப்போகும். அது சேர்ந்துட்டா ஒரு தடவ திருப்பாம விட்ருவேன்."

சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தி சுவரில் சாய்ந்து, காகிதத்தை முழங்காலில் வைத்து மளமளவென்று எழுதினாள். நூறு வருஷத்தில் இருபத்தைந்து தடவை முக்கால் மணி கூடினால் பதினெட்டே முக்கால் மணி ஆகிறது. அதனால் நூறாவது வருஷத்தில் ஒரு தடவை திருப்பாமல், அதாவது அந்த ஒரு நாளைச் சேர்க்காமல், விடுகிறார்கள். விட்டால் ஐந்தேகால் மணி குறைகிறது. நாலு நூறு சேர்ந்தால் அது இருபத்தொரு மணி, கிட்டத்தட்ட ஒரு நாள். அதனால் நானூறால் வகுபடுகிற வருஷத்தில் மட்டும் திருப்பிவிடுகிறார்கள். இரண்டாயிரத்தில் திருப்பினார்கள். இரண்டாயிரத்து நூறில் திருப்பமாட்டார்கள்.

"அட, நம்ம சக்கரந்தான்!" என்றார் மெஷின்காரர். பட்டனை மறுபடி அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

மேனேஜர் வந்தார். ஓடி முடிந்திருந்த தாள்களைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார்.

"நீ சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"எனக்குத் தெரியும் சார். என்னால உட்கார முடியல."

"நீ என்னிக்கு உட்கார்ந்தே?" அவர் சிரிக்கவில்லை. "கணக்கு சரிதான். அச்சுத் தகடு மாத்துறோம். ஆனா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு மெஷின் ஓடும்போது வந்து சொன்னா எப்படி? நேத்து ராத்திரியே ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

அந்த மூன்று தடவையைப் பற்றி அவளால் சொல்ல முடியவில்லை. கையெழுத்து ஆகவில்லை. திங்கட்கிழமையிலிருந்து சித்தி பைண்டிங்கில்தான் இருக்கிறாள். பிழை திருத்தும் மேசைக்கு இன்னும் யாரையும் போடவில்லை. மேனேஜர் எப்போதாவது ஒரு தாளைப் பசை வாளிக்குப் பக்கத்தில் வைத்து, "இதக் கொஞ்சம் பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். அவள் எரிகிற விரலைச் சேலையில் துடைத்துவிட்டு நின்றுகொண்டே பார்க்கிறாள்.

அந்த இருநூறு அட்டவணைகள் திரும்பி வரவில்லை. எங்கெங்கோ வகுப்பறைச் சுவர்களில் தொங்குகின்றன. சித்திக்கு இப்போது பசையைவிட அதுதான் எரிகிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி ஒன்றைப் பார்த்தால், கடைசி வரிசையில் இருபத்தொன்பதை அடித்து, மார்ச்சிலிருந்து எல்லாக் கிழமையையும் ஒரு நாள் முன்னதாக, செவ்வாய் என்றால் திங்கள் என்று, மாற்றி எழுதுங்கள். பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கதையை இன்னொருவருக்குச் சொல்லுங்கள். முடிந்தால் வயதில் மிகச் சின்னவர்களாகப் பார்த்துச் சொல்லுங்கள்.